பிரித்துப் பார்த்தாயிற்று

தொடரலாமா என்று கேட்டுவிட்டு கம்ப்யூட்டரின் கறுப்புத் திரை சும்மா இருந்தது. எண்ணூற்று நாற்பத்துமூன்று மென்பொருள்களைப் புதுப்பிக்க வேண்டுமாம். ஆமாம் என்றால் ஒரு எழுத்து, வேண்டாம் என்றால் இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். டெல்பினா ஆமாம் எழுத்தின் மேல் விரலை வைத்தாள், அழுத்தவில்லை. மணி இரண்டு பத்து. இடது கால் பெருவிரலில் கட்டியிருந்த கயிறு தொட்டில் சேலைக்குப் போனது, கால் தன்பாட்டுக்கு இழுத்து விட்டுக்கொண்டிருந்தது, சேலைக்குள்ளே ஐந்து மாதப் பெல்லு ஒரு பொதியாகத் தொங்கி ஆடினாள். ஆடுகிறாள், ஆனால் மூச்சு விடுகிறாளா என்று ஆட்டத்தில் தெரியாது. நிறுத்தினால்தான் தெரியும், நிறுத்தினால் முழித்துக்கொள்வாள். இந்தக் கணக்கை ஐந்து மாதமாக ஒரு நாளைக்கு நூறு தடவை போட்டுப் பார்த்துவிட்டாள், ஒரு தடவைகூட விடை வந்ததில்லை. நிறுத்தினாள். சேலை ஒரு ஓரத்தில் மெல்ல உப்பி மெல்ல அடங்கியது. இருக்கிறாள். மறுபடி கயிற்றை இழுத்தாள். ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். வேலை கொடுக்கிற ஷோபனா மேடம் போனில் கோபமே இல்லாமல் சொன்னதுதான் பயமாக இருந்தது. "திங்கக்கிழமை போனது போகட்டும் டெல்பினா. வியாழன் அஞ்சு மணி. அதுக்கப்புறம் வேற ஆளப் பாத்துக்கிறேன், தப்பா நெனச்சிக்காதீங்க." இன்றைக்கு வியாழன். எலும்பு டாக்டர் ஒருவர் காரில் போய்க்கொண்டே பேசியது போலப் பின்னால் ஹாரன் சத்தத்தோடு பன்னிரண்டு நிமிடப் பேச்சு, அதைக் கேட்டு எழுத்தாக்கித் தர வேண்டும். கல்யாணத்துக்கு முன்னால் திருநெல்வேலியில் மூன்று வருஷம் செய்த வேலைதான். காலடியில் ஒரு பெடல், மிதித்தால் குரல் ஓடும், எடுத்தால் நிற்கும், குதிகாலால் அழுத்தினால் நாலு விநாடி பின்னுக்குப் போகும், இரண்டு கையும் எழுத்துக்கு மட்டும். பெடல் கூரியரில் வந்து பத்து நாளாயிற்று. இந்தக் கம்ப்யூட்டர்தான் அதை யாரென்றே தெரியாது என்கிறது.

கம்ப்யூட்டர் அவளுடையது இல்லை, கிங்ஸ்டனுடையது. கிங்ஸ்டன் கப்பலில் இரண்டாம் என்ஜினியர், இப்போது எந்தக் கடலில் என்று தெரியாது, சிக்னல் வந்தால்தான் தெரியும். எல்லாரும் வைத்திருப்பதை வைத்துக்கொள்ளாமல் இவர் லினக்ஸ் வைத்திருந்தார், அதிலும் பதிப்பு எண்ணே இல்லாத வகை. "இதுக்கு ஒண்ணு ரெண்டு மூணுன்னு கிடையாது டெல்பி. தினம் கொஞ்சம் கொஞ்சமா மாறிக்கிட்டே இருக்கும், நாமளும் கூடவே போய்க்கிட்டே இருக்கணும்." ஓடுகிற பஸ்ஸில் ஏறச் சொல்வது போல இருந்தது அவளுக்கு. போகும்போது முகப்பிலேயே ஒரு கோப்பு எழுதி வைத்துவிட்டுப் போனார், தலைப்பே முதலில் இதை வாசி. வாரம் ஒரு முறை எல்லாவற்றையும் புதுப்பி. பாதி மட்டும் செய்யாதே. செய்தால் முழுசு, இல்லையென்றால் சும்மா இரு. அந்த வாரம் அவளுக்குப் பேறுகாலம். அடுத்த வாரம் தையல் வலி, அதற்கடுத்த வாரம் பால் கட்டிக் காய்ச்சல், பிறகு வாரம் என்ற ஒன்று இருப்பதே மறந்து போயிற்று. திங்கட்கிழமை ஞாபகம் வந்தபோது எண்ணூற்றுச் சொச்சத்தைப் பார்த்து மலைத்துப் போய், பட்டியலை மட்டும் புதுப்பித்துக்கொண்டு தனக்கு வேண்டிய ஒன்றே ஒன்றை இழுத்தாள். அதுதான் பாதி. அந்த ஒன்று தனக்குத் துணையாகப் புதிய நூலகம் ஒன்றை, பல புரோகிராம்கள் பொதுவாக நம்பியிருக்கிற கோப்புக் கட்டு ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்தது, பழைய நூலகத்தை நம்பியிருந்த பாட்டுக் கேட்கும் புரோகிராம் அன்றோடு வாயை மூடிக்கொண்டது, நான் தேடுகிறது இங்கே இல்லை என்று ஒரே வரி. பாட்டு போனால் போகட்டும். டாக்டர் குரலும் அதில்தானே ஓட வேண்டும். திங்கட்கிழமை ஐந்து மணி அப்படித்தான் போயிற்று. கான்வென்டில் சிஸ்டர் ரொசாரி சொல்வார்கள், பாவசங்கீர்த்தனத்தில் ஒன்பதைச் சொல்லி ஒன்றை மறைத்தால் ஒன்பதும் கழுவப்படாது, மறைத்தது பத்தாவதாகச் சேரும். பத்து வயதில் அதைக் கேட்டுவிட்டு ராத்திரியெல்லாம் விரல் விட்டு எண்ணியிருக்கிறாள், எதையாவது விட்டுவிட்டோமா, பென்சில் திருடியதைச் சொன்னோமா, ரப்பரைச் சொன்னோமா. எண்ணூற்று நாற்பத்துமூன்று. எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டியதுதான். அழுத்தினாள்.

உடனே சிவப்பில் ஏதோ வந்தது. இந்தக் கையெழுத்து யாருடையது என்று எனக்குத் தெரியவில்லை, இதை நம்ப மாட்டேன். ஒவ்வொரு மென்பொருளிலும் அதைக் கட்டியவர் கையெழுத்து போட்டிருப்பாராம், ஐந்து மாதத்தில் புது ஆட்கள் வந்துவிட்டார்களாம், இவளிடம் இருக்கிற, நம்பலாம் என்ற கையெழுத்துகளின் அடையாளக் கொத்து பழசாம். பெல்லுகூட அப்படித்தான், நேற்று வந்த மாமாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள், தெரியாத முகம். கோப்பில் இதற்கும் கிங்ஸ்டன் எழுதியிருந்தார், ரொம்ப நாள் விட்டுவிட்டால் முதலில் அடையாளக் கொத்தை மட்டும் புதுசாக்கு, உடனே மற்றதெல்லாம். ரொம்ப நாள் விட்டுவிட்டால். இவள் விட்டுவிடுவாள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு. அதில் கோபப்படுவதா கும்பிடுவதா என்று யோசித்துக்கொண்டே தட்டினாள். கொத்து வந்தது. மற்றவை இறங்க ஆரம்பித்தன, வரி வரியாக, அவளுக்குப் பேர் தெரியாத எத்தனையோ பேர் எங்கெங்கோ உட்கார்ந்து கட்டியது. அடுக்களையில் மாமி பாத்திரத்தைக் கவிழ்த்துவிட்டு முந்தானையில் கை துடைத்துக்கொண்டு வாசற்படியில் வந்து நின்றாள். கிங்ஸ்டனின் அம்மா. குரலைத் தாழ்த்திப் பேசுவதாக நினைத்துக்கொண்டு எப்போதும் போலப் பேசுவாள். "என்னட்டி, இன்னும் அந்தப் பொட்டி மொகத்துலயே முழிச்சிக்கிட்டு இருக்க. ரெண்டு வாய் தின்னியா?" "தின்னேன் மாமி." "எப்ப தின்ன, தட்டு காஞ்சி கெடக்கு." கீழே பார்த்தாள். "இது என்னது, தையல் மெஷினா? மெஷினக் காணல, மிதிக்கிறது மட்டும் வந்திருக்கு. ஏமாத்திட்டானா கடைக்காரன்?" டெல்பினாவுக்குச் சிரிப்பு வந்தது, சிரித்தால் கயிற்றின் தாளம் தப்பும், அடக்கிக்கொண்டாள். "மெஷின் இதுக்குள்ளதான் மாமி இருக்கு. இறங்கிக்கிட்டு இருக்கு." "இறங்கட்டும் இறங்கட்டும். அவன் அங்க எண்ணெயில குளிக்கான், நீ இங்க மிதி. கரண்டு மூணு மணிக்கிப் போகும்னு லைன்மேன் சொல்லிட்டுப் போனான், ஃபேன் நின்னா பிள்ள முழிச்சிருவா, பாத்துக்க." போய்விட்டாள். மூன்று மணி. நடுவில் கரண்ட் போனால், வயசான பேட்டரி நாலு நிமிடம் தாங்கும், அதற்குள் முடியாவிட்டால் பாதியிலும் பாதி, கம்ப்யூட்டர் எழவே எழாது, கிங்ஸ்டன் பார்த்துப் பார்த்துக் கட்டியது, பெல்லுவின் முதல் குளியல் வீடியோவும் அதில்தான் இருக்கிறது. சீக்கிரம். சீக்கிரம் என்று சொன்னால் இணையம் சீக்கிரமாக வருமா. ஆனாலும் உதடு சொல்லிக்கொண்டிருந்தது, அருள் நிறைந்த மரியே மாதிரி ஒரே தாளத்தில், சீக்கிரம், சீக்கிரம், நானூற்றுப் பன்னிரண்டு, நானூற்றுப் பதின்மூன்று.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு முடிந்தது. அணைத்துத் திறக்க வேண்டும். அணைந்தது. திறக்கும்போது மேல் மூலையில் ஒரு சின்னக் கோடு மினுங்கி மினுங்கி நின்றது, அதற்கு மேல் ஒன்றுமில்லை. பிறந்தபோது பெல்லு உடனே அழவில்லை. எத்தனை விநாடி என்று யாரும் சொல்லவில்லை, நர்ஸ் முதுகைத் தேய்த்துக்கொண்டிருந்தாள், டாக்டரம்மா யாரிடமோ மதியச் சாப்பாட்டைப் பற்றிப் பேசியதை நிறுத்தினார்கள், அந்தப் பேச்சு நின்றதுதான் டெல்பினாவுக்குக் கேட்டது. அப்புறம் ஒரு இருமல், ஒரு கத்தல். எல்லாரும் மறந்துவிட்டார்கள், அவள் மட்டும் இன்னும் அந்த இடைவெளியிலேயே நின்றுகொண்டிருக்கிறாள் என்று சில சமயம் தோன்றும். குளித்துக்கொண்டிருக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது, அந்தப் பேச்சு நிற்கும். கோடு மினுங்கியது. கயிற்றை இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். கடவுச்சொல்லைக் கேட்டுப் பெட்டி வந்தது. மூச்சை விட்டாள். பாட்டுக் கேட்கும் புரோகிராமைத் தட்டினாள், சாதுவாகத் திறந்தது. முழுசு. பெல்லு பிறந்ததிலிருந்து எதை எடுத்தாலும் பாதி, பாதிக் காப்பி, பாதித் தூக்கம், பாதிக் கடிதம், தலைமுடிகூடப் பாதிதான் வாரியிருக்கும். இது முழுசு. மூன்று மணிக்கு லைன்மேன் சொன்னபடி கரண்ட் போகவில்லை. அதுவும் ஒரு புதுமைதான். இனி பெடலுக்கான புரோகிராம், அது இந்தப் பெரிய பட்டியலில் கிடையாது. அது சமூகக் களஞ்சியத்தில் இருக்கிறது.

களஞ்சியம் என்றால் பெரிய கட்டடம் போலக் கேட்கிறது. கிங்ஸ்டன் சொன்னது வேறு. "அது கடை இல்ல டெல்பி. யாரோ ஒருத்தர் அவங்க வீட்ல செஞ்சு பாத்துட்டு எழுதி வச்ச செய்முறை. நம்ம வீட்டு அடுப்புல நாமதான் செய்யப்போறோம். வாசிச்சிட்டுப் பத்த வை." செய்முறையைக் கொண்டுவரச் சொன்னாள், வந்தது. கட்டுவதற்கு முன் வாசித்துப் பார்க்கிறாயா என்று கேட்டது. வேண்டாம் எழுத்தின் மேல் விரல் போயிற்று. மணி மூன்று ஆறு. பன்னிரண்டு நிமிடப் பேச்சுக்குப் பெடல் இருந்தால் ஒரு மணி நேரம், பிள்ளை முழித்தால் ஒன்றரை. வாசிக்க நேரமில்லை. நேரம் மட்டுமா. அடுத்தவர் எழுதியதைப் பிரித்துப் படிப்பது என்றாலே அவளுக்கு ஆகாது. கான்வென்ட் ஹாஸ்டலில் வருகிற கடிதம் எல்லாம் வார்டன் சிஸ்டர் ரொசாரி மேஜைக்குத்தான் போகும். பிரித்து, படித்து, மூலையில் சிவப்புப் பென்சிலால் பார்த்தாயிற்று என்று எழுதிய பிறகுதான் பிள்ளைகள் கைக்கு வரும். டெல்பினாவின் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினவர், எழுத்துக் கூட்டித்தான் எழுதுவார். உன் பல் வலி எப்படி இருக்கு மகளே, ராத்திரி அழாதே, அம்மாவும் அழுகிறாள். அந்த அழுகையைச் சிஸ்டர் தனக்கு முன்னால் படித்துவிட்டார்கள் என்பது அவளுக்கு ஆறவே ஆறாது. கல்யாணமான புதிதில் கிங்ஸ்டனின் போன் மேஜையில் கிடந்து மினுங்கினாலும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், யாருடையதையும் பிரிக்க மாட்டேன் என்று பதின்மூன்று வயதில் ஒரு சபதம். சினேகா என்று ஒன்பதாம் வகுப்பில் ஒருத்தி. அவளுக்கு ஒரு அண்ணன் முறை எழுதுகிறான் என்று வாராவாரம் கடிதம் வந்தது. ஒரு வாரம் சிஸ்டர் அதைக் கொடுக்கவில்லை. சினேகா சாப்பிடாமல் கிடந்தாள், ஹாஸ்டல் மொத்தமும் சிஸ்டரைச் சபித்தது, டெல்பினா எல்லாரையும்விட அதிகமாகச் சபித்தாள். சிஸ்டர் கடைசி வரை காரணம் சொல்லவில்லை. சினேகாவின் அப்பா மட்டும் ஒரு நாள் வேகமாக வந்து, சிஸ்டருக்கு முன்னால் கைகூப்பி நின்றுவிட்டுப் போனார். அந்தக் கைகூப்பலை டெல்பினா ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள், பார்த்ததை யாரிடமும் சொன்னதில்லை, ஏனென்றால் அது அவள் கோபத்துக்குப் பொருந்தவில்லை. பத்த வைப்பதற்கு முன்னால் வாசி. பெல்லு இருக்கிற வீடு இது. வாசிக்கிறேன் என்று தட்டினாள்.

நாற்பது வரி இருக்கும். புரோகிராம் பேர், அதன் பதிப்பு எண், எங்கிருந்து எடுக்கிறோம் என்ற முகவரி, எப்படிக் கட்டுவது, எங்கே வைப்பது. பாதி புரியவில்லை, ஆனால் நோக்கம் புரிந்தது, மருந்துச் சீட்டு மாதிரி, கையெழுத்து புரியாவிட்டாலும் காலை மதியம் இரவு புரியும் இல்லையா. மேலே, இதை எழுதியவர் பேர். இரண்டு பேர் இருந்தன. பழையவர் கிரேஹெரான் என்று ஒருத்தர், ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டிருந்தவர். களஞ்சியத்தின் பக்கத்தைத் திறந்து கீழே மற்றவர்கள் எழுதியதைப் படித்தாள். நாலு மாதத்துக்கு முன் கிரேஹெரானே எழுதியிருந்தார், நானும் கேட்டு எழுதுகிறவன்தான், முப்பது வருஷம், என் விரல்கள் இனி முடியாது என்கின்றன, பெடல் வைத்திருக்கும் யாராவது இதை எடுத்துக்கொள்ளுங்கள், நல்ல பிள்ளை, தொந்தரவு கொடுக்காது. நல்ல பிள்ளை. டெல்பினாவுக்குக் கண் கரித்தது, இப்போதெல்லாம் எதற்கும் கரிக்கும். மூன்று மாதத்துக்கு மேல் யாரும் எடுக்கவில்லை, அனாதை என்றே போட்டு வைத்திருந்தார்கள். ஒன்பது நாளைக்கு முன் ஒருத்தர் எடுத்துக்கொண்டார். அந்தப் பேரைத் தட்டிப் பார்த்தாள், ஒன்பது நாளைக்கு முன்புதான் பிறந்திருக்கிறது அந்தப் பேர், வேறு ஒன்றும் எழுதியதில்லை, யாரிடமும் பேசியதில்லை. வந்தவுடன் ஒரு மாற்றம், எண்ணைப் புதுசாக்கினேன், அவ்வளவுதான் என்று ஒரு குறிப்பு. மறுபடி செய்முறைக்கு வந்தாள். எண் புதுசாகவில்லை. இருந்த எண்ணேதான். ஆனால் கடைசியில் ஒரு சின்னக் கோப்பு புதிதாகச் சேர்ந்திருந்தது, நிறுவி முடித்த கையோடு தானாக ஓட வேண்டியது. அதற்குள் ஒரே வரி. ஒரு முகவரிக்குப் போய் ஏதோ ஒன்றை எடுத்து வந்து, இந்தப் பெட்டியின் முழு அதிகாரத்தோடு, சத்தமில்லாமல் ஓட்டு. முகவரியில் ஊர்ப்பேர் இல்லை, எண்கள் மட்டும். அவள் கால் நின்றுவிட்டது. பெடலுக்கு எதற்கு வெளியூர்? மிதித்தால் ஓடும், எடுத்தால் நிற்கும், அதற்கு எதற்கு யாரோ ஒருத்தனைப் போய்க் கேட்க வேண்டும், அதுவும் சத்தமில்லாமல்? இது எப்படி என்றால், ஒரு ஆள் வாசலில் நின்று, உங்கள் வீட்டுக்காரர்தான் அனுப்பினார் என்று சொல்கிறான், வேட்டி சட்டையெல்லாம் சுத்தமாக இருக்கிறது, பேர் தெரிந்திருக்கிறது, கையில் பிள்ளைக்கு மிட்டாய்கூட இருக்கிறது. ஒருவேளை தப்பாக நினைக்கிறேனோ. கான்வென்டில் இரட்டைச் சடை போட்டுக்கொண்டு திரிந்து, பிறகு மருத்துவ இங்கிலீஷ் படித்தவளுக்கு இதெல்லாம் என்ன தெரியும், உலகத்தில் இத்தனை பேர் பார்த்திருப்பார்களே, பார்த்தவர்கள் சொல்லியிருப்பார்களே. இப்படித்தான் நர்ஸும் நினைத்திருப்பாள், டாக்டரம்மாவும் நினைத்திருப்பார்கள், யாராவது பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்று. சேலைக்குள் ஒரு முனகல். தொட்டிலை இழுத்தாள், இழுத்தாள். மணி மூன்று இருபத்தெட்டு. விடலாம். பெடல் இல்லாமலே எழுதிவிடலாம், ஒவ்வொரு வாக்கியத்துக்கும் கையை எடுத்து நிறுத்தி, பின்னுக்குத் தள்ளி, மறுபடி ஓட்டி. மூன்று மணி நேரம் ஆகும். இருப்பது ஒன்றரை. அல்லது ஆமாம் என்று ஒரு எழுத்தை அழுத்திவிட்டு எதையும் பார்க்காதது போல இருக்கலாம். இல்லை. இரண்டும் இல்லை. கிரேஹெரானின் நல்ல பிள்ளை எங்கேயாவது இருக்கத்தானே வேண்டும்.

இருந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்தைய நிலை அப்படியே அடுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்பதைக் கிங்ஸ்டன் கோப்பில் எழுதவில்லை, அவளே துழாவிக் கண்டுபிடித்தாள், பீரோவுக்குப் பின்னால் விழுந்த ஊக்கைத் தேடுவது போல. கிரேஹெரான் கடைசியாக வைத்துவிட்டுப் போன நிலை. அதை இறக்கி, பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரி வரியாக விரலை ஓட்டினாள், வித்தியாசம் அந்தச் சின்னக் கோப்பும் அதைக் கூப்பிடுகிற ஒரு வரியும்தான். பழையது எங்கிருந்து எடுக்கிறது என்ற முகவரியையும் திறந்து பார்த்தாள், பெடல் செய்தவர்களின் சொந்தப் பக்கம். இத்தனையும் செய்யும்போது ஒன்று கவனித்தாள், பயம் இருந்தது, ஆனால் கை நடுங்கவில்லை. பயம் பக்கத்தில் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தது, இவள் இவள் வேலையைப் பார்த்தாள். "பிள்ள அழுதாளா?" என்றாள் மாமி உள்ளேயிருந்து. "இல்ல மாமி, கனவு காணுதா." "என்னத்தக் கனவு காணுவா, பாலத் தவிர." கட்டு என்று தட்டினாள். கம்ப்யூட்டரின் விசிறி இரைந்தது. வரிகள் ஓடின. முடிந்தது என்றது. வலது காலால் பெடலைத் துழாவி எடுத்து, பெருவிரலால் ஒரு தட்டு. "...வலது முழங்காலில், பேஷண்டுக்கு, வலி..." என்றார் எலும்பு டாக்டர், பின்னால் ஒரு லாரி ஹாரன். காலை எடுத்தாள். நின்றார். மூன்று நாற்பத்தைந்து.

தொடங்கிவிட வேண்டியதுதான். ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டாள், வெற்றுப் பக்கத்தைத் திறந்தாள், பேஷண்ட் எண்ணை எழுதினாள். களஞ்சியத்தின் பக்கம் இன்னும் பக்கத்தில் திறந்தே கிடந்தது. மூடப் போனவள் ஒரு தடவை புதுப்பித்துப் பார்த்தாள். ஆகக் கீழே ஒரு வரி புதிதாக வந்திருந்தது, பத்து நிமிடம் முன்பு, யாரோ ஒரு பெண் பேரில். புதுசு இருக்கிறது என்று காட்டுகிறது, நாளை எனக்கு முதல் வேலை நாள், இன்றைக்குப் போடலாமா, யாராவது பார்த்தீர்களா? பதில் இல்லை. மணி மூன்று நாற்பத்தாறு. அனுப்பிவிட்டு ஐந்து மணிக்குச் சொல்லலாம். ஐந்து மணிக்குள் அந்தப் பெண் ஆமாம் எழுத்தை அழுத்தியிருப்பாள். எங்கேயோ ஒரு அறையில், அவளுடைய விரலும் இப்போது ஒரு எழுத்தின் மேல்தான் இருக்கும். யாராவது பார்த்தீர்களா. தொட்டில் சேலை நெளிந்தது, ஒரு கை வெளியே வந்து காற்றைப் பிடித்தது, பெல்லு ஆரம்பிக்கப் போகிறாள். டெல்பினா ஒரு கையால் கயிற்றை அவிழ்த்து, பிள்ளையைத் தூக்கி மார்பில் சேர்த்துக்கொண்டு, மற்றக் கையின் ஒரே விரலால், கிங்ஸ்டனின் பேரில் நுழையாமல் தன் பேரிலேயே ஒரு கணக்குத் திறந்தாள். மூன்று நிமிடம் போயிற்று. சிஸ்டர் ரொசாரி ஏன் காரணம் சொல்லவில்லை என்று அவளுக்கு இப்போதும் தெரியாது. மன்னித்துவிட்டாள் என்றும் இல்லை, அப்பாவின் கடிதம் இன்னும் அந்த மேஜையில்தான் பிரிந்து கிடக்கிறது. ஆனால் காரணத்தை இவள் சொல்வாள். எழுதினாள். போடாதீர்கள். கடைசிக் கோப்பில் ஒரு வரி, எண்களாலான முகவரி ஒன்றிலிருந்து எதையோ எடுத்து முழு அதிகாரத்தோடு ஓட்டுகிறது, பெடலுக்கு அது தேவையில்லை. கிரேஹெரானின் கடைசி நிலை நல்லது, இப்போது என் காலடியில் ஓடுகிறது. நீங்களும் வாசித்துப் பாருங்கள். நிர்வாகிகளுக்கு என்று இருந்த பொத்தானையும் தட்டினாள். கீழே என்ன போடுவது என்று விரல் ஒரு கணம் நின்றது. பிரித்துப் பார்த்தாயிற்று, டெல்பினா என்று போட்டாள்.

மூன்று ஐம்பத்திரண்டு. பெல்லு வாய் வைத்தாள், இழுத்தாள், மூச்சு மார்பில் சூடாக வந்து வந்து போயிற்று, இனி நிறுத்திப் பார்க்க வேண்டியதில்லை. "மாமி, ஒரு மணி நேரம்," என்றாள் உள்ளே பார்த்து, "பிள்ள குடிச்சி முடிச்சதும் கொஞ்சம் வாங்கிக்கிடுங்க. கேட்டா குடுக்கமாட்டேன்னு சொல்லுவேன், அப்பவும் வாங்கிக்கிடுங்க." உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. "இதச் சொல்ல ஒனக்கு அஞ்சு மாசமாச்சா?" என்று மாமி வந்துகொண்டிருந்தாள். டெல்பினா வலது காலைக் கீழே வைத்து மிதித்தாள்.